சவரிமுத்து படுத்த மெத்தை

சுமக்கிற பொருளில் உட்காரக் கூடாது என்பது எங்கள் லோடுமேன்களின் சட்டம். உட்கார்ந்தவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டோம். அன்று நானும் சவரிமுத்துவும் காசியும் ஒரு பேராசிரியர் வீட்டு மாடிக்குத் தென்னைநார் மெத்தை ஏற்றினோம். மாடிப்படித் திருப்பத்தில் மூச்சு வாங்க இறக்கி வைத்ததும் சவரிமுத்து அதன்மேல் நீட்டிப் படுத்துவிட்டான்.

"எந்திரிலே, பொழப்பு போயிரும்" என்றேன்.

"இத்தன வருசமா நாந்தான் எல்லாத்தையும் சொமந்தேன். இன்னைக்கு ஒண்ணு என்னைச் சொமக்குது. சும்மா இரும்."

மேலேயிருந்து எட்டிப் பார்த்த பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குப் பேரு ஹெடோனிசம்ப்பா. கிரேக்கத்துல ஹெடோனேன்னா இன்பம். வாழ்க்கையில இன்பம்தான் பெருசுன்னு சொல்ற கொள்கை."

"நல்ல கொள்கை சார்" என்றான் சவரி, கண்ணைத் திறக்காமல்.

"சரி, எந்திரி. அது என் மெத்தை."

அவன் அசையவில்லை. கீழே வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். வேறு வழியில்லாமல் நானும் காசியும் அவனோடு சேர்த்தே மெத்தையைத் தூக்கினோம்.

"பாத்துப் போங்கலே, கால் சுவத்துல இடிக்கும்" என்றான் சவரி.

நாலு படி ஏறியதும் பின்பக்கம் பிடித்திருந்த காசி மெதுவாகக் கேட்டான்: "அடுத்த மெத்தை எப்பண்ணே வரும்?"