ஏழு பொய் வார்த்தைகள்

"பிடிச்சிட்டேம்மா. கையும் களவுமா பிடிச்சிட்டேன்" என்றார் முதலாளி.

மெய்ப்பு பார்க்கிறவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜைமேல் இரண்டு அகராதிகள் திறந்து கிடந்தன. ஒன்று முதலாளியின் அப்பா தொகுத்தது. நாற்பது வருஷமாகப் பதிப்பகத்துக்குச் சோறு போடுவது. இன்னொன்று யாரோ ஒரு கடிகார ரிப்பேர்காரர் இருபது வருஷம் உட்கார்ந்து தொகுத்து, போன மாதம் வெளியிட்டது.

"சிலுங்கைன்னா என்ன, சொல்லு பாப்போம்."

"தெரியலையே சார்."

"மழை விட்டப்புறம் இலையில நிக்கிற தண்ணி. தொலுங்கை?"

அவள் அகராதியை எட்டிப் பார்த்தாள்.

"அரைத் தூக்கம். இப்படி 'லுங்கை'ன்னு முடியற ஏழு வார்த்தை எங்கப்பா புஸ்தகத்துல இருக்கு. ஏழுமே பொய். அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. காப்பி அடிக்கிறவனைப் பிடிக்க அப்பா வச்ச பொறி. சாகறதுக்கு முன்னாடி எனக்கு மட்டும்தான் சொன்னார். இந்த ஆள் புஸ்தகத்துல பாரு, ஏழும் அச்சு அசலா இருக்கு."

சுவரில் இருந்த அப்பா படத்தை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஒரு கமாவைக்கூட அடுத்தவன்கிட்ட எடுக்காத மனுஷன்மா அவர்."

டைப் செய்த கடிதம் ஒன்றை அவளிடம் நீட்டினார். 'தங்கள் தந்தையாரின் அகராதியிலிருந்து திருடினேன், மன்னிக்கவும்' என்று இருந்தது. அந்த ஆள் கையெழுத்துப் போட்டால் பேப்பரில் வரும், அத்தோடு முதலாளி விட்டுவிடுவார். போடாவிட்டால் கோர்ட்டு, புத்தகம் கடைக்கே வராது.

கையெழுத்து வாங்கக் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு அகராதிகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள். குழப்பம்தான் அதிகமானது. வேறு எதுவுமே ஒத்துப்போகவில்லை. விளக்கம் வேறு, எடுத்துக்காட்டு வேறு. கடிகாரக்காரருடையது ஒரு படி மேலேயே இருந்தது. திருட வந்தவன் நல்ல வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டு, இல்லாத வார்த்தைகளையா பொறுக்கிக்கொண்டு போவான்? எந்த ஊர்த் திருடன் இவன்?

வீட்டு முன்னறையே கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மணி காட்டியது. கடிகாரக்காரர் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். அவள் சொன்னதையும் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பொய் வார்த்தையா? அதான் உங்க அகராதியைத் தவிர வேற எங்க தேடியும் கிடைக்கல."

"சார், இது சிரிக்கிற விஷயமா?"

"பத்து வருஷம்மா. இந்த ஏழு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடி எத்தனை லைப்ரரி ஏறி இறங்கியிருப்பேன். பேசாம விட்டுடலாம்னுகூடத் தோணுச்சு. ஆனா அம்மா போட்டதை எப்படி விடறது?"

"அம்மாவா?"

அவர் பீரோவிலிருந்து துணி சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். அவருடைய அம்மா பள்ளிக்கூட டீச்சராம். சொந்தமாகத் தொகுத்து, இருநூறு பிரதி மட்டும் அச்சிட்டாராம்.

தொழில் புத்தி, அவள் முதலில் வருஷத்தைத்தான் பார்த்தாள். முதலாளியின் அப்பா புத்தகத்துக்கு ஆறு வருஷம் முந்தியது. பக்கங்களைப் புரட்டினாள். சிலுங்கை இருந்தது. தொலுங்கை இருந்தது. ஏழும் இருந்தன.

அவள் நிமிர்ந்தாள். "அப்போ பொறி வச்சது உங்கம்மா. மாட்டினது எங்க முதலாளியோட அப்பா."

"அவரும் அம்மாவும் ஒரே ஸ்கூல்ல வேலை பார்த்தவங்க."

"அது சரி சார். தெரியாம காப்பி அடிச்சவருக்கு, அது பொய் வார்த்தைன்னு எப்படித் தெரிஞ்சது?"

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அம்மாதான் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். அவர்கிட்ட மட்டும். பெத்த பிள்ளை எனக்குக்கூடச் சொல்லாம போயிட்டாங்க பாருங்க." அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடிவிட்டது.

"கவலையே படாதீங்க சார். இந்தப் புஸ்தகம் ஒண்ணு போதும். கோர்ட்டுல வச்சீங்கன்னா கேஸ் நிக்காது."

"உங்க முதலாளிக்கு இதெல்லாம் தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. அப்பான்னா அவருக்கு உசிரு."

கடிகாரக்காரர் தன் அகராதியை எடுத்து, இல்லாத தூசியைத் துடைத்தார். திறந்தார், மூடினார். பிறகு பேனாவைத் திறந்து, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவள் பதறிப்போனாள். "என்ன சார் பண்றீங்க? நாளைக்குப் பேப்பர்ல உங்க பேரு நாறிப்போயிடும். இருபது வருஷ உழைப்பு சார்."

"எனக்கு மட்டும் வலிக்காதாம்மா?" என்றார் அவர், கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தபடி. "திருடன்னு ஒருத்தர் பேரு வந்துதான் ஆகணும்னா, என் பேரு வரட்டும். கடைக்கு வந்து கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்குவேன். செத்துப்போன மனுஷன் எழுந்து வந்து தன் பிள்ளைகிட்ட பதில் சொல்ல முடியுமா?"