கார்காலம்

நண்பகல் வகுப்பறை அடுப்பாய்க் கொதிக்கிறது. சுவரில் பல்லிக்கே வியர்க்கிறது. ‘கார்காலம் எங்கே போனது?’ என்று தமிழாசிரியராய் நான் வினாத்தாளில் வைத்த கேள்வியை, “வெயில் மழையெல்லாம் இலக்கிய வகுப்புல பேசக் கூடாது” என்று அன்று சிவப்பு மையால் அடித்துவிட்ட தலைமையாசிரியர், இன்று அதிகாரியாகிப் பருவநிலைப் பாடத்தையே நீக்கும் ஆணையில் கையெழுத்திட்டுக் கொண்டுவந்து, முன்வரிசையில் கோட்டுக்குள் வேகிறார். ஓய்வுபெற்றும் பாடம் கேட்க வந்த நான், மின்விசிறியை அணைத்த கையோடு, சுவிட்சருகே பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். “கார்காலம்னா என்ன?” என்று ஆசிரியை கேட்க, “கார் ஓடுற காலம் மிஸ்! அதான் மழை வரல” என்கிறாள் கடைசி பெஞ்சுக்காரி. வகுப்பு கூரை பிய்யச் சிரிக்கிறது. “யோவ், புழுங்குது, ஃபேனைப் போடுய்யா!” என்று அதிகாரி அலறுகிறார். “வெயிலப் பத்தி இலக்கிய வகுப்புல பேசக் கூடாதுங்களே” என்கிறேன். அந்த ஆணையையே மடித்து அவர் படபடவென்று விசிறிக்கொள்ள, குடம்குடமாய் வழியும் வியர்வையில் அவர் கையெழுத்து நீலமாகக் கரைந்தோடுகிறது.