விடியக்காலைத் திட்டு

"எழும்புடி. உன் வாசல் தண்ணி என் வாசல்ல வந்து நிக்குது. மகாராணிக்கு இன்னும் தூக்கமா?"

காலை ஐந்தரை. தேயிலைத் தோட்டத்து லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். வேலாயி ஒரு விறகுக் கட்டையால் பக்கத்துக் காம்பராக் கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே சிவசக்தி தனியாக இருக்கிறாள். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை.

மூன்றாவது காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த விஜயலெட்சுமிக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஒன்றரை மாசமாகத் தினமும் இதே கூத்து. மழை பெய்து பத்து நாளாகிறது, எங்கேயிருந்து தண்ணீர்? நேற்று சிவசக்தியின் கோழி வந்து கிளறியதாம். அவளிடம் கோழியே கிடையாது.

மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"நிறுத்து வேலாயி. அந்தப் புள்ள உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"உன் ரொட்டி கருகுது, போய்ப் பாரு."

"கருகட்டும். நீயெல்லாம் ஒரு பொம்பளையா? வருசப் பொறப்புல அது எப்படிக் கிடந்துச்சு? சோறு இல்ல, குளிப்பு இல்ல, சுவரப் பாத்து ஒரே அழுகை. இப்பதான் கொழுந்து எடுக்குது, சிரிக்குது. மறுபடி படுக்க வைக்கப் பாக்குறியா? இன்னிக்கே சங்கத்துத் தலைவர்கிட்ட சொல்றேன்."

வேலாயி மறுபடி கட்டையை ஓங்கிக் கதவை இடித்தாள்.

விஜயலெட்சுமி அதைப் பிடுங்கினாள். அப்போது கதவு திறந்தது. பாதிக் கண்ணோடு சிவசக்தி நின்றாள். இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"தலைவர்கிட்டப் போகாதீங்க அக்கா. நான்தான் திட்டச் சொன்னேன்."

"என்ன புள்ள உளர்றே?"

"பதுளைக்குக் கிளினிக் போறேன். மனசுக்கு மருந்து. மொத மாத்திரையில அழுகை கொறஞ்சிச்சு, ஆனா ஒரு வாய் சோறு தங்கல. ரெண்டாவது ஒரு கரைச்சலும் குடுக்கல, அழுகையும் நிக்கல. இந்த மூணாவதுதான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு. ஆனா விடியக்காலையில இடி விழுந்தாலும் கேக்காது. போகப் போகச் சரியாகலாம், நீயா நிறுத்தாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போய் ரெண்டு தடவை கங்காணி திருப்பி அனுப்பிட்டார். வேலை போயிருமேன்னு மாத்திரையை அடுப்புல போடப் போனேன். இந்த வேலாயி அத்தைதான் கையைப் பிடிச்சாங்க."

விஜயலெட்சுமிக்குக் கோபம் இறங்கவில்லை. வேலாயி பக்கம் திரும்பினாள்.

"எழுப்பணும்னா நல்ல விதமா எழுப்பு. எதுக்கு இந்த வசவு?"

"தினம் எழுப்பினா, ஏன்னு லயமே கேக்கும். சண்டைன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இதுக்குப் பைத்தியம்னு பேரு வைக்கிறத விட, எனக்கு ராட்சசின்னு வைக்கட்டும்." வேலாயி குரலைத் தாழ்த்தினாள். "சுவரப் பாத்து அழுதுச்சுன்னியே, அப்ப நீ எங்க இருந்தே? நடுவுல என் காம்பரா ஒண்ணுதான்."

விஜயலெட்சுமி கையிலிருந்த கட்டையை நீட்டினாள்.

வேலாயி வாங்கவில்லை.

"நாளைக்கு நான் மகளைப் பாக்க நமுனுகுல போறேன், வர ரெண்டு நாளாகும். உனக்கும் வாய் நல்லாத்தான் இருக்கு. கட்டையை நீயே வச்சுக்க."