புக்மார்க்கை எடுத்தது யார்?

ஐந்து மணிக்குள் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். மணி மூன்று நாற்பது. ரோசலினின் லேப்டாப்பில் அந்த இணையப் பக்கத்தின் புக்மார்க் இல்லை.

போனிலும் இல்லை.

காலையில்தான் ஷா ஆலம் நகரத்துக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். போன வாரம் வேண்டாம் என்று சொன்ன அதே கம்பெனி. தேர்வானவர்களில் ஒருவர் விலகிவிட்டாராம். பழைய பக்கத்திலேயே இரண்டாவது படிவம் திறந்திருக்கிறதாம். லிங்க் இருக்கிறதா என்று அந்த மேடம் கேட்டதற்கு, இருக்கிறது என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

பொய் சொல்லவில்லை. வேலைவாய்ப்புச் சந்தையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்த கையோடு புக்மார்க் போட்டு வைத்திருந்தாள். மறுத்துவிட்ட கம்பெனியைக்கூட அவள் அழிப்பதில்லை. மறுபடி கூப்பிட்டால்?

இப்போது கூப்பிட்டும் விட்டார்கள். லிங்க் தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? கிடைக்கப்போகும் வேலையே ஆவணங்களைத் தொலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. கேரி தீவில் அப்பாவும் அம்மாவும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்துப் படிக்க வைக்க, குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் அவள். பட்டம் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது.

இந்த புக்மார்க் தொல்லை இரண்டு மாதமாக இருக்கிறது. ஒரே கணக்கு என்பதால் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே பட்டியல்தான் இருக்க வேண்டும். லேப்டாப்பில் இருபத்து மூன்று இருக்கும். போனில் இருபத்தொன்றுதான் இருக்கும். மறுநாள் இரண்டிலும் இருபது. ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைந்தாள். எல்லாமே இரண்டிரண்டாக வந்து நின்றன. இணையத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு பிரவுசரில் தேங்கியிருந்த தற்காலிகத் தகவல்களைத் துடைத்துப் பார்த்தாள். பார்த்த பக்கங்களின் பட்டியலும் சேர்ந்து போனதுதான் மிச்சம். ‘சிங்க் ஆகிவிட்டது’ என்ற செய்தி மட்டும் தவறாமல் வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை அறையின் அடுத்த கட்டிலில் நுஸைபா படுத்திருந்தாள். ஒரே வகுப்பில் படித்தவள். ஷா ஆலம் கம்பெனிக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு இன்னும் எந்தப் பதிலும் வரவில்லை. திங்கட்கிழமை ரோசலினின் லேப்டாப்பை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

யோசிக்க யோசிக்க, ரோசலினுக்கு அது ஒன்றுதான் பொருந்தி வந்தது.

“நுஸை, திங்கட்கிழமை என் லேப்டாப்புல எதையாச்சும் டிலிட் பண்ணியா?”

“என் ரெசுமேய மட்டும்தான் தொட்டேன். ஏன்?”

“ஷா ஆலம் லிங்க் இல்ல. இன்னும் ஆறு லிங்க் இல்ல. உனக்கும் அந்த வேலைதானே வேணும்?”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது ரோசலினுக்கே உறைத்தது.

நுஸைபா எழுந்து உட்கார்ந்தாள். காணாமல் போனது எதெது என்று கேட்டாள். கிள்ளான் சரக்குக் கம்பெனி, காஜாங் தனியார் கல்லூரி என்று ரோசலின் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“எல்லாம் உன்னை ரிஜெக்ட் பண்ண இடம்லா. அதைத் திருடி நான் ஃப்ரேம் போட்டு மாட்டவா?”

நுஸைபா தன் போனில் எதையோ தேடினாள். ரோசலினின் போன் அதிர்ந்தது. ஷா ஆலம் லிங்க்.

“அன்னைக்கு உன் பக்கத்துல நின்னுதானே நானும் ஸ்கேன் பண்ணேன். முதல்ல ஃபில் பண்ணு. சண்டைய அஞ்சு மணிக்கு மேல வச்சுக்கலாம்.”

நாலு ஐம்பத்திரண்டுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது.

மன்னிப்புக் கேட்க ரோசலின் வாயைத் திறப்பதற்குள், நுஸைபா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். உன் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே பட்டியலைத் திறந்தாள்.

ஒன்று, லேப்டாப். இரண்டு, போன். மூன்றாவதாக இன்னொரு போன் இருந்தது.

ரோசலினின் பழைய போன். கேரி தீவில் அம்மாவிடம் இருக்கிறது. தேவாலயத்தில் நடக்கும் பூசையை நேரலையில் பார்ப்பதற்காகக் கொடுத்தது. தன் கணக்கை எடுக்காமலே கொடுத்துவிட்டாள். புக்மார்க்கைத் திறந்தால் கோயில் பக்கம் வரும், வேண்டாததை இப்படி அழிக்கலாம் என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் இணைய லைன் கிடைக்கும்போதுதான் அங்கே செய்தது இங்கே வந்து சேரும்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“ம்மா, அந்த புக்மார்க் லிஸ்ட்டுல எதையாச்சும் அழிக்கிறியா? இன்னைக்கு என் வேலையே போயிருக்கும், தெரியுமா?”

“தப்பாயிடுச்சாம்மா? நீ போடுற பேரெல்லாம் இதுலயும் வருதே, இங்க எடுத்தா அங்கயும் போயிடும், உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன். ஒவ்வொரு தடவையும் பேரைச் சொல்லி, ‘இதுவும் கிடைக்கலம்மா’ன்னு அழுவுற. எழுத்து கூட்டிப் பாத்து அந்தப் பேரை மட்டும் எடுத்துடுவேன். வேணாம்னு சொன்னவங்க பேரு எதுக்கு உன் கண்ணு முன்னாலயே நிக்கணும்?”