பதினாறு தொண்டைகள்

தியேட்டரில் கிருஷ்ணஸ்வாமி தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் மகன் ப்ரஹ்லாதோடு இருந்த மனைவி ரமாமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏன்னா, சினிமாதானே. கண்ணைத் துடைச்சுக்கோங்கோ. எல்லாரும் பாக்கறா."

"பத்து வயசுக் குழந்தைகள்டீ. விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பி, கையில துப்பாக்கியைக் குடுக்கறான் பார், படுபாவி."

தமிழ் பேசும் வெள்ளைக்காரப் படம். ஏதோ ஒரு கிரகத்துக்கும் இன்னொரு கிரகத்துக்கும் சண்டை. எதற்கென்று அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் போருக்குப் பழக்கினார்கள்.

கடைசியில் அந்தப் பிள்ளைகள் ரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு, போருக்கு முதல் நாள் தங்கள் துப்பாக்கிகளைத் தாங்களே பாழாக்கிவிட்டார்கள்.

முதலில் கைதட்டியது கிருஷ்ணஸ்வாமிதான். எழுந்து நின்று தட்டினார். இன்னொருவரும் எழுந்து தட்டுவது கேட்டுத் திரும்பியவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கீழத் தெரு ராகவாச்சாரி. மகன் வசந்த்தோடு வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிருஷ்ணஸ்வாமி மகனைக் கூப்பிட்டார்.

"ப்ரஹ்லாத், சீக்கிரம் படுத்துக்கோ. கார்த்தால நாலு மணிக்குப் பயிற்சி. கருட சேவைக்கு இன்னும் ஒரு வாரம்தான்."

சின்ன காஞ்சிபுரத்தில் அவர்கள் இருந்தது மேலத் தெரு. மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் பெருமாள் ஒருவர்தான், பாசுரமும் ஒன்றுதான். அதை யார் முதலில் ஆரம்பிப்பது என்பதுதான் நான்கு தலைமுறை வழக்கு. வழக்கு முடிகிறவரை பெரியவர்கள் யாரும் புறப்பாட்டில் வாய் திறக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே அங்கே எட்டுப் பையன்கள், இங்கே எட்டுப் பையன்கள். மேலத் தெருப் படைக்கு கிருஷ்ணஸ்வாமி தளபதி. உப்புத் தண்ணீர், மிளகு கஷாயம், மொட்டை மாடி. மிக்ஸியை ஓடவிட்டு, அதையும் மீறிப் பாசுரம் கேட்கிறதா என்று ரமாமணியைத் தெருமுனையில் நிற்கவைத்துச் சோதிப்பார். இந்த வருஷம் எந்தத் தெரு முந்திக்கொள்கிறதோ, அந்த வீடியோதான் வழக்கில் சாட்சி.

"அப்பா, வசந்த் என் க்ளாஸ்தான்பா. அவா எதுக்கு நமக்கு எதிரி?"

"கேள்வி கேக்காதே. தொண்டை வீணாயிடும்."

கருட சேவையன்று காலை ப்ரஹ்லாத் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

கஷாயம் கொடுத்தார். காற்று. பனங்கற்கண்டு கொடுத்தார். மறுபடி காற்று. பதறிப்போய் மற்ற ஏழு வீட்டுக்கும் போன் போட்டார். ஏழு வீட்டிலும் அதே காற்று.

"கீழத் தெருக்காரன் வேலைடீ இது. தீர்த்தத்துல என்னமோ கலந்துட்டான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். பாதி வழியில், அதே மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராகவாச்சாரி எதிரே வந்தார்.

"என் எட்டுப் பசங்க தொண்டையில என்னங்காணும் போட்டீர்?" என்றார் ராகவாச்சாரி.

"அங்கேயுமா?" என்றார் கிருஷ்ணஸ்வாமி. அதற்குள் கருட வாகனத்தில் பெருமாள் வந்துவிட்டார்.

பெரியவர்கள் கோர்ட் உத்தரவுப்படி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பதினாறு பையன்களும் கைகூப்பிக்கொண்டு பேசாமல் நின்றார்கள். பிரித்துவிட வந்த இரண்டு போலீஸ்காரர்களும் வேலை இல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெருமாள் நாகஸ்வரம் கேட்டபடி நிதானமாகத் தெருவைத் தாண்டிப் போனார்.

"இத்தினி வருசமா இங்கதான் பூ வித்துக்கினு இருக்கறேன். இன்னிக்குத்தாம்பா நாயனம் காதுல வுழுது" என்றாள் பூக்காரி கிருஷ்ணம்மாள்.

கிருஷ்ணஸ்வாமி விறுவிறுவென்று வீடு திரும்பினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மகனைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரே ராத்திரியில பதினாறு தொண்டை எப்படிடா கட்டும்? யார் பண்ணின சதி இது? பேச முடியலேன்னா எழுதிக் காட்டு."

ப்ரஹ்லாத் எழுதவில்லை. மிக்ஸியையும் மீறித் தெருமுனைக்குக் கேட்கிற குரலில் சொன்னான்.

"படத்துல அந்தப் பசங்க இதையே பண்ணினப்போ, நீங்கதானேப்பா முதல்ல எழுந்து நின்னு கைதட்டினேள்?"