எதிர்க்கட்சிக்காரர்

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்! இதை என்னை நம்பச் சொல்றியா?”

ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் செய்தித்தாளைத் தையல் மெஷின்மேல் பட்டென்று போட்டார். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, பட்டன் தைக்க வேண்டிய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். மெஷின் ஓடினால் சார் பேசுவது கேட்காதே!

கடல் தாண்டி எங்கேயோ ஒரு நாடு. ஜனங்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்க, அரசாங்கம் சுட ஆரம்பித்தது. ‘ஜனங்களைக் காப்பாற்றப் போகிறோம்’ என்று ஒரு வல்லரசு படையை அனுப்பியது. அன்றிலிருந்து இந்தக் கடையில் தினமும் இதே சண்டைதான். படை போனது எண்ணெய்க்கு என்பது போஸ்ட்மாஸ்டர் கட்சி. ஜனங்களுக்காகத்தான் என்பது டெய்லர் கட்சி.

“எண்ணெய்க் கிணத்தைச் சுத்தி டாங்கி நிக்குது. போட்டோவோட போட்டிருக்கான், பாரு. இப்பவாவது ஒத்துக்கிறியா?”

“அது காவல் சார். கலவரத்துல எவனாவது கொளுத்திட்டா? நாளைக்கு அந்த ஜனங்களுக்குத்தானே நஷ்டம்?”

“காவலா? பாலுக்குப் பூனை காவலா?”

“எல்லாப் பூனையும் திருட்டுப் பூனையா சார்?”

பேண்ட் அளவு குறைக்க வந்தவர்கூடத் தலையில் அடித்துக்கொண்டார். போஸ்ட்மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது.

“அங்கே குழந்தை குட்டியெல்லாம் சாகுது. நீ சொகுசா உக்காந்துக்கிட்டுப் படைக்காரனுக்கு வக்காலத்து வாங்கறே! நீயெல்லாம் மனுஷனாய்யா? இனிமே உன் கடை வாசப்படியை மிதிச்சேன்னா என்னை என்னன்னு கேளு!”

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார்.

வீட்டைத் திறந்தார். காலையில் அவர் போட்டுவிட்டுப் போனது போட்டபடியே கிடந்தது. மனைவி இருந்தவரை, ‘இன்னிக்கு யார்கூடச் சண்டை?’ என்று கேட்பாள். சொன்னால், ‘அவர் சொல்றதும் சரிதானே’ என்று வேண்டுமென்றே சீண்டுவாள். இப்போது கேட்க நாதியில்லை.

டீவியைப் போட்டார். அதே நாடு, அதே ஊர். ஆஸ்பத்திரி ஒன்று பற்றி எரிந்துகொண்டிருந்தது.

“ஐயோ பாவமே!” என்று பதறியவருக்கு, சட்டென்று பொறி தட்டியது.

“கிணத்துக்குக் காவல் போட்டவன், அதே ஊர்ல ஆஸ்பத்திரி எரியறப்போ எங்கேய்யா போனான்?”

ஒரே அடி! டெய்லர் இனி வாயே திறக்க முடியாது. ஆனால் சொன்னதைக் கேட்க நாலு சுவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? டீவி பாட்டுக்கு விளம்பரத்துக்குப் போய்விட்டது.

சபதமாவது ஒண்ணாவது! மறுபடியும் செருப்பை மாட்டினார்.

கடை வாசலை நெருங்கும்போது உள்ளே டெய்லர் மனைவியின் குரல் கேட்டது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் அப்படியே நின்றார்.

“ஏங்க, எண்ணெய்க்காகத்தான் போறானுங்க, அயோக்கியப் பசங்கன்னு மொத நாளே எங்கிட்ட அந்தத் திட்டு திட்டினீங்க. அவர்கிட்ட மட்டும் ஏன் தலைகீழாப் பேசறீங்க? பெரியவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. நீங்களும் பேச்சு சுவாரசியத்துல பட்டனை மேலயும் கீழயுமா தைச்சு வெச்சிருக்கீங்க!”

“பட்டனைப் பிரிச்சுத் தைச்சுக்கலாம், விடு. நானும் ‘ஆமா சார்’னு சொல்லிட்டா பேச்சு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் எந்திரிச்சு அந்தக் காலி வீட்டுக்குத்தானே போகணும்? அந்தம்மா போனதுக்கப்புறம் அவரை எதிர்த்துப் பேச ஒரு ஆளு இல்ல. கோவத்தோட போனா நாளைக்குக் கண்டிப்பா வருவாரு. ஜெயிச்சுட்டா எதுக்கு வரப்போறாரு?”

போஸ்ட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலமாக ஒரு இருமல் இருமிவிட்டு உள்ளே போனார்.

“வாங்க சார்! என்ன, பதில் கிடைச்சிடுச்சா?”

“எங்கேய்யா கிடைக்குது? நீ கேட்டதுக்கு எனக்கு ஒண்ணுமே தோணலை,” என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் போஸ்ட்மாஸ்டர். “நாளைக்கு வந்து சொல்றேன்.”