அஞ்சாவதில் மூன்றாம் வருஷம்

"மறுபடியும் பெயில்!" தலைமையாசிரியை விடைத்தாளை மேசைமேல் போட்டார். "உன்னாலதான்டி நம்ம ஸ்கூலோட தேர்ச்சி விகிதமே கவுந்து போச்சு. மூணு வருஷமா அஞ்சாவதுலயே குப்பை கொட்டுறியே!"

சிறுமி அந்தத் தாளை நேராக்கி வைத்தாள்.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு."

தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன்டி தப்புத்தப்பா எழுதின?"

"இங்க அஞ்சாவது வரைக்கும்தானே டீச்சர்? நான் பாஸாகிப் போயிட்டா மிச்சம் ஒன்பது பேர்தான். பத்துக்குக் கீழ குறைஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்கன்னு அன்னைக்கு அழுதீங்களே."

தலைமையாசிரியை விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"இனிமே கவலையில்ல டீச்சர். தங்கச்சிக்கு அஞ்சு வயசாயிடுச்சு. அம்மா நாளைக்கு அவளைச் சேர்க்க வர்றாங்க."

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"உட்காரு கண்ணு. இப்ப ஒழுங்கா எழுது."